துணைக் குதிரை தேடுறவங்களும் கொடுக்கிறவங்களும் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

குதிரை வச்சிருக்கிறவங்க கிட்ட பேசினா சுத்திச் சுத்தி இதே சந்தேகங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிப் போட்டுடலாம்னு தோணுச்சு. முதல்ல துணைக்கு தேடுறவங்க கேக்கிறது, அப்புறம் கொடுக்கிறவங்க கேக்கிறது, கடைசியில ரெண்டு தரப்புக்குமே சங்கடமான கேள்விங்க. கேட்டவங்க வார்த்தையிலயே விட்டிருக்கேன்.

துணைக் குதிரைன்னா என்னங்க, சும்மா நிக்கிற குதிரையா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா சும்மா நிக்கிறதுதான் அதோட வேலையே. அது முதுகுல யாரும் ஏறப்போறதில்ல, வண்டி பூட்டப்போறதில்ல. இன்னொரு குதிரை பக்கத்துல மேயணும், அது படுத்தா இது முழிச்சு நிக்கணும், ஈ மொய்க்கிற நேரத்துல தலைகீழா ஒட்டி நின்னு இதோட வால் அதோட மூஞ்சிய விசிறணும், அவ்வளவுதான். ஓட்டுற வயசு தாண்டினது, கால்ல பழைய அடி உள்ளது, பெரியவங்க ஏற முடியாத அளவு சின்ன போனி, பெரும்பாலும் இதெல்லாம்தான் துணைக்குன்னு வரும்.

'வேலைக்கு ஆகாத ஒண்ணு போதும்'னு நினைச்சு தேட ஆரம்பிச்சா தப்பான குதிரைதான் வந்து சேரும். மத்த குதிரையோட வம்பு பண்ணாம பழகணும், கொஞ்ச நேரம் தனியா விட்டா கலாட்டா பண்ணக்கூடாது, குளம்பு வெட்டுறவருக்கு நாலு காலையும் தூக்கிக் கொடுக்கணும். இந்த மூணுல ஒண்ணு இல்லன்னாலும் தினமும் உங்களுக்குத்தான் தலைவலி.

என் குதிரை வருஷக்கணக்கா தனியாத்தான் இருக்கு, நல்லாத்தானே இருக்கு?

இருக்கலாம், ஆனா நல்லா இருக்கிறதுக்கும் பழகிப் போனதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். வேலி ஓரமா ஒரே தடத்துல நடந்து நடந்து மண்ணு பள்ளமாயிருக்கா பாருங்க. லாயத்துல நின்ன இடத்துலயே இடம் வலம்னு ஆடிக்கிட்டே இருக்கிறது, மரக்கட்டைய பல்லால பிடிச்சு காத்த உள்ள இழுக்கிறது, இதெல்லாம் தனிமையிலயும் அடைச்சே வச்சிருக்கிறதாலயும் வர்ற பழக்கம், ஒருதடவை ஒட்டிக்கிட்டா துணை வந்த பிறகும் லேசுல போகாது.

கண்ணுக்குத் தெரியாத ஒண்ணும் இருக்கு, தூக்கம். குதிரை நின்னுக்கிட்டே கண் அசரும், ஆனா ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு படுத்தே ஆகணும், ஒரு நாளைக்கு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் போதும். பாதுகாப்பில்லன்னு தோணுற இடத்துல தனியா இருக்கிற குதிரை படுக்கவே தயங்கும், அப்புறம் பகல்ல நின்னபடி தூங்கி முன்னங்கால் மடிஞ்சு விழப் பார்க்கும். முன்னங்கால் முட்டிக்கு முன்பக்கம் சிராய்ப்புத் தழும்பு இருந்தா இதையும் சந்தேகப்படுங்க. சுவிட்சர்லாந்துல சட்டமே இருக்கு, ஒரு குதிரை இன்னொரு குதிரைய பார்க்க, கேட்க, மோப்பம் பிடிக்க முடியிற மாதிரிதான் வச்சிருக்கணும்னு.

நான் தினமும் ரெண்டு மூணு மணி நேரம் கூடவே இருக்கேனே, அது பத்தாதா?

அது நல்லதுதான், விட்டுடாதீங்க. ஆனா மிச்ச இருபத்திச் சொச்சம் மணி நேரம்? ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு தலையத் தூக்கிப் பாக்கும்போது பக்கத்துல ஒருத்தன் நிம்மதியா மென்னுக்கிட்டு இருந்தா அது திரும்ப குனிஞ்சு மேய ஆரம்பிச்சுடும், அந்த வேலைய நம்மளால செய்ய முடியாது. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு தோள்மேட்டுல பல்லால கடிச்சு சொறிஞ்சு விடும் பாத்திருப்பீங்க, அந்த இடத்துல சொறிஞ்சா இதயத்துடிப்பே குறையுதுன்னு 1993-ல வந்த ஆய்வு சொல்லுது. நீங்களும் அங்க சொறிஞ்சு விடலாம், அதுக்கும் பிடிக்கும், ஆனா ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவீங்கல்ல.

குதிரைதான் வேணுமா, ஒரு ஆடோ கழுதையோ விட்டா ஆகாதா?

ஆடு ஒண்ணுமே இல்லாததுக்கு பரவால்ல. சில குதிரை ஆட்டோட ஒட்டிக்கும், சிலது துரத்தி மிதிச்சுடும், முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆடு வச்சா தீவனத்த மட்டும் தனியா பூட்டி வைங்க. ஆடு, மாடு, கோழித் தீவனத்துல சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலப்பாங்க, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, குதிரை கொஞ்சம் தின்னாலும் இதயம் பாதிச்சு செத்துடும்.

கழுதை நெருங்கின சொந்தம்தான், ஆனா குணம் வேற. கழுதை இன்னொரு கழுதையோட ஜோடி சேர்ந்தா அப்படி ஒட்டிக்கும், அதனால எடுத்தா ரெண்டா எடுக்கிறதுதான் நியாயம். நல்ல புல்லுல விட்டா சீக்கிரம் கொழுத்துடும், அதே சமயம் வருத்தத்துலயோ நோயிலயோ தீனிய நிறுத்திட்டா ரத்தத்துல கொழுப்பு ஏறி ஆபத்தாயிடும், மந்தமா நிக்கிறதத் தவிர வெளிய ஒண்ணும் காட்டாது. நுரையீரல் புழுவும் ஒண்ணு இருக்கு, கழுதை உடம்புல சத்தமில்லாம கிடக்கும், குதிரைக்கு வந்தா விடாம இருமல். சாணிய டெஸ்ட் பண்ணி புழு மருந்து கொடுத்த பிறகு ஒண்ணா விடுங்க.

கண்ணாடி மாட்டி வச்சா போதும்னு ஒருத்தர் சொன்னாரு, நெஜமா?

சிரிக்காதீங்க, அதுல கொஞ்சம் விஷயம் இருக்கு. 2002-ல ஒரு ஆய்வுல லாயத்துல கண்ணாடி வச்சதும் குதிரைங்க ஆடுற பழக்கம் நல்லாவே குறைஞ்சது. உடையாத அக்ரிலிக் கண்ணாடியா இருக்கணும். துணை கிடைக்கிற வரைக்கும் வச்சு ஒப்பேத்தலாம், ஆனா கண்ணாடி சொறிஞ்சு விடாது, ஈ ஓட்டாது.

ஏறி ஓட்டாத குதிரைக்கு செலவு கம்மிதானே வரும்?

சேணமும் லாடமும் மிச்சம், அவ்வளவுதான். குளம்ப 6-லேர்ந்து 8 வாரத்துக்கு ஒருதடவை வெட்டியே ஆகணும், பல்லு வருஷத்துக்கு ஒருதடவை பாக்கணும், டெட்டனஸ் ஊசி விடவே கூடாது, குதிரைக்கு அந்த நோய் ரொம்ப சுலபமா பிடிக்கும். தீனிய பொறுத்தவரை உடம்பு எடையில 1.5-லேர்ந்து 2 சதவீதம் புல் வகை வேணும், அதாவது 300 கிலோ போனிக்கு காய்ஞ்ச புல் தினம் 4.5-லேர்ந்து 6 கிலோ. வயசானதா இருந்தா மருந்துச் செலவு ஓட்டுற குதிரைய விட கூடவே வரலாம்.

எடை மெஷின் இல்லன்னா ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி மாரைச் சுத்தி சென்டிமீட்டர்ல அளந்து அதையே அதால பெருக்குங்க, அதை தோள் முனையிலேர்ந்து பிட்டத்து எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்குங்க, வந்தத 11,880-ஆல வகுத்தா கிலோ. உதாரணத்துக்கு சுத்தளவு 150, நீளம் 140-ன்னா சுமார் 265 கிலோ வரும்.

போனி நல்லதா, பெரிய குதிரை நல்லதா?

ஏற்கனவே உங்க கிட்ட இருக்கிற குதிரைக்கு எது தோதுன்னு கேளுங்க. 14.2 ஹேண்ட் வரைக்கும் போனின்னு சொல்வாங்க, ஒரு ஹேண்ட்னா 4 அங்குலம், புள்ளிக்கு அப்புறம் வர்றது மிச்ச அங்குலம், அப்ப தோள்மேடு வரை 58 அங்குலம். அதுக்குள்ளயே ஷெட்லேண்ட் மாதிரி 42 அங்குலத்த தாண்டாததும் இருக்கு. ரொம்ப சின்னதுக்கு பெரிய குதிரையோட உதை நேரா தலைக்கு வரும், வேலிக்கு அடியில நுழைஞ்சு தினமும் பக்கத்து நிலத்துல போய் நிக்கும்.

இன்னொரு பிரச்சனை, போனிங்க காத்து குடிச்சே குண்டாகுற ஜாதி. உங்க குதிரை பந்தயக் குதிரை வகையில ஒல்லியா, நிறைய தின்னே ஆக வேண்டியதா இருந்தா, அதே புல்லுல போனிய விட்டா லேமினைட்டிஸ் வந்து நிக்கும், அதாவது குளம்புக்குள்ள எலும்ப பிடிச்சு வச்சிருக்கிற சதை வீங்கி விட்டுப் போறது. அதனால தீனி தேவை ஒத்துப்போறதா பாத்து எடுக்கிறது உயரத்த விட முக்கியம்.

ஆண் எடுக்கலாமா பெண் எடுக்கலாமா?

காயடிச்ச ஆண் குதிரைதான் பொதுவா சுலபம். பெண் குதிரையும் நல்லாப் பழகும், சினைக்கு வர்ற நாள்ல மட்டும் சிலது கொஞ்சம் எரிச்சல் காட்டும். காயடிக்காதது துணைக்கு வேண்டவே வேண்டாம். காயடிச்சு கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா குறைஞ்சது 6 வாரம் பெண் குதிரை பக்கம் விடாதீங்க, அந்த ஆரம்ப வாரங்கள்ல சினை பிடிக்க வாய்ப்பு இருக்கு. ரொம்ப வயசான பிறகு காயடிச்சதுல சிலது கடைசி வரைக்கும் பெண் குதிரைய காவல் காத்து மத்த ஆணெல்லாம் விரட்டும், அதையும் கேட்டுக்குங்க.

வயசானது எடுத்தா சீக்கிரம் போயிடுமே, குட்டியா ஒண்ணு எடுத்துக்கட்டுமா?

உங்க குதிரைக்கு இருபது வயசுன்னா பாவம் அத விட்டுடுங்க. குட்டி நாள் பூரா கடிச்சு விளையாடக் கூப்பிடும், மூட்டு வலி உள்ளது எத்தனை நேரம்தான் காதை பின்னாடி மடக்கி மிரட்டிக்கிட்டே இருக்கும். குட்டிக்கும் அதே வயசுல இன்னொரு குட்டி வேணும், ரெண்டுக்குமே நஷ்டம்.

சீக்கிரம் போயிடும்ங்கிறதும் அப்படி ஒண்ணும் நிச்சயம் இல்ல. குதிரை 25, 30 வருஷம் வாழும், போனிங்க முப்பதத் தாண்டுறது சகஜம். பதினெட்டு வயசு போனி எடுத்தா பத்து வருஷத்துக்கு மேல பாத்துக்கணும்னு கணக்கு போட்டுக்கிட்டே எடுங்க.

எங்க போய் தேடறது, விளம்பரத்துல வர்றத நம்பலாமா?

முதல்ல உங்க குளம்பு வெட்டுறவர், குதிரை பாக்கிற டாக்டர், பக்கத்து ரைடிங் ஸ்கூல் இவங்க கிட்ட சொல்லி வைங்க. எந்த லாயத்துல எந்த குதிரை ஓட்டத்துலேர்ந்து ஓய்வு பெறப்போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதோட குணமும் தெரியும். அடுத்து குதிரைகள மீட்டு வளர்க்கிற காப்பகங்க, அவங்க வீடு வந்து பாத்து, ஒத்துவரலன்னா திருப்பி எடுத்துக்குவாங்க, புதுசா எடுக்கிறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. விளம்பரம் கடைசி, அதுலயும் நல்ல குதிரை இருக்கு, ஆனா அடுத்த ரெண்டு கேள்வியையும் படிச்சுட்டுப் போங்க.

'ஓட்ட முடியாது, துணைக்கு மட்டும்'னு போட்டிருக்காங்க. வேற என்ன கேக்கணும்?

ஏன் ஓட்ட முடியாதுன்னு கேளுங்க, பொதுவா சொல்ற பதில்ல நிக்காதீங்க. அந்த ஒரு வரிக்குள்ள நாலு விதமான குதிரை ஒளிஞ்சிருக்கும். கால்ல கோளாறு, மூச்சுல கோளாறு, வயசு, இல்லன்னா குணம். முதல் மூணும் சமாளிக்கலாம், எந்த மருந்து, எவ்வளவு, தினமுமா, நிறுத்தினா எப்படி நடக்கும்னு கேட்டுக்கணும். நாலாவது வேற கதை. ஏறினா தூக்கி எறியிற குதிரை தரையில சாதுவா இருக்கலாம், அது பரவால்ல. பக்கத்துல வந்தாலே கடிக்கிற, பின்னங்காலத் தூக்கிக்கிட்டு திரும்புற குதிரைன்னா அதுக்கும் குளம்பு வெட்டணும், ஊசி போடணும், யார் போய் பிடிக்கிறது?

கூட கேக்க வேண்டியது: இதுக்கு முன்னாடி எந்த மாதிரி குதிரையோட இருந்துச்சு, அங்க தீனிச் சண்டை போடுமா, தனியா அரை மணி விட்டா என்ன பண்ணும், வண்டியில ஏறுமா, லேமினைட்டிஸ் எப்பவாவது வந்திருக்கா. கடைசி கேள்விக்கு 'லேசா ஒருதடவை'ன்னு பதில் வந்தா வந்திருக்கு, திரும்பவும் வரும்னு வச்சுக்குங்க.

பாக்கப் போறப்ப எதெத பாக்கணும், எனக்கு குதிரை வாங்கி பழக்கமில்ல

மேய்ச்சல்ல அது பாட்டுக்கு இருக்கிறப்பவே பத்து நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க, நீங்க வர்றீங்கன்னு பிடிச்சு கட்டி தேய்ச்சு வச்சிருந்தா திரும்ப விடச் சொல்லுங்க. மத்த குதிரை பக்கத்துல போறப்ப அது விலகுதா, விரட்டுதா, கண்டுக்காம மேயுதா. கெட்டித்தரையில நடக்க வச்சு சத்தத்தக் கேளுங்க, நாலு காலும் ஒரே தாளத்துல விழணும். முன்னங்கால ரெண்டையும் முன்னாடி நீட்டி குதிகால்ல பாரம் போட்டு நிக்குதுன்னா லேமினைட்டிஸ். கணுக்காலுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் விரல் வச்சா நாடி லேசா, தேடித்தான் கிடைக்கணும், விரல் பட்ட உடனே திம் திம்னு அடிச்சா குளம்புக்குள்ள ஏதோ நடக்குது.

பிடரி மேட்ட கையால பிடிச்சு ஆட்டுங்க, கட்டியா ஆடாம நின்னா அங்க கொழுப்பு தேங்கியிருக்கு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினா கைக்குத் தட்டுப்படணும். 1983-ல ஹென்னெக்கேன்னு ஒருத்தர் கொண்டு வந்த 1-லேர்ந்து 9 வரைக்கும் உள்ள ஸ்கோர் இன்னைக்கும் எல்லாரும் வச்சிருக்கிற அளவு, 5 பக்கம் இருந்தா நல்லது. வெயில் காலத்துலயும் நீளமான சுருட்டை முடி உதிராம இருந்தா வயசான குதிரைக்கு வர்ற குஷிங் நோயா இருக்கும், தினசரி மாத்திரைல சமாளிக்கலாம், ஆனா ஆயுசுக்கும். கீழ பாதி மென்ன புல் உருண்டையா துப்பிக் கிடந்தா பல்லு போச்சுன்னு அர்த்தம், அதுக்கு ஊறவச்ச தீனி கொடுக்கணும்.

சும்மா தர்ற குதிரைக்கு டாக்டர் செக்கப் எல்லாம் எதுக்கு?

சும்மா வர்றதாலதான். ஓட்டுற குதிரைக்குப் பண்ற முழு பரிசோதனை வேண்டாம், கண்ணு, இதயம், பல்லு, குளம்பு, நடை இவ்வளவு போதும். ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஃபினைல்பூட்டசோன் மாதிரி வலி மருந்து கொடுத்து நடக்க வச்சிருந்தாங்கன்னா அதுல மாட்டும். டாக்டர் உங்க ஆளா இருக்கணும், கொடுக்கிறவங்களோட டாக்டர் வேண்டாம். மைக்ரோசிப் இருந்தா அந்த 15 இலக்க எண்ணும் பேப்பர்ல இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு அங்கயே ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க.

கொண்டு வந்த அன்னைக்கே ஒண்ணா விட்டுடலாமா? ரெண்டும் கனைச்சுக்கிட்டே இருக்கு, பாவமா இருக்கு

பாவம் பாக்காதீங்க. 2, 3 வாரம் தனி இடம், தனி வாளி, தனி பிரஷ், மூக்கோட மூக்கு உரசாத தூரம், ஆனா கண்ணுக்குத் தெரியிற மாதிரி. முக்கியமா பயப்படுறது ஸ்ட்ராங்கில்ஸ், தொண்டையில கட்டி வந்து சீழ் வைக்கிற தொத்து நோய், பாக்க ஆரோக்கியமா இருக்கிற குதிரை கூட மாசக்கணக்கா அதை சுமந்துக்கிட்டு இருக்கும். தினம் ரெண்டு வேளை காய்ச்சல் பாருங்க, 37.5-லேர்ந்து 38.5 டிகிரி சரி, அதுக்கு மேல போனா டாக்டர். பழைய குதிரைய முதல்ல கவனிச்சுட்டு புதுசு கிட்ட கடைசியா போங்க, இந்த ஒரு வரிசை மாறினா மிச்சமெல்லாம் வீண்.

தீனியும் அப்படியே. பழைய இடத்துலேர்ந்து நாலு நாள் புல்லு கேட்டு வாங்கிட்டு வந்து, உங்க புல்லோட கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்துங்க. சடார்னு மாத்தினா வயித்து வலி, அதாங்க கோலிக். தரைய காலால பறிக்கிறது, வயித்த திரும்பித் திரும்பிப் பாக்கிறது, சாணி போடாதது, விழுந்து புரள்றது, இதுல எது பாத்தாலும் காத்திருக்க வேண்டாம்.

சரி, நாள் முடிஞ்சுது. இப்ப எப்படி சேர்த்து விடறது?

முதல்ல நடுவுல வேலி வச்சு ரெண்டு மூணு நாள். மூக்கு உரசும், வீல்னு ஒரு கத்து கத்தி முன்னங்கால ஓங்கித் தரையில அடிக்கும், அது இயல்பு. வேலி பல்லு போட்ட முள்கம்பியா இருக்கக்கூடாது, அந்த ஒரு அடியிலயே கால் கிழிஞ்சுடும். கத்தறது அடங்கி ரெண்டும் வேலியோரமா பக்கத்து பக்கத்துல மேய ஆரம்பிச்சா அடுத்த கட்டம்.

பெரிய திறந்த இடம், மாட்டிக்கிற மூலை இல்லாம. பின்னங்கால் லாடத்த கழட்டிடுங்க. காய்ஞ்ச புல்ல மூணு நாலு குவியலா தள்ளித் தள்ளி போடுங்க, குதிரை எண்ணிக்கைய விட எப்பவும் ஒண்ணு ஜாஸ்தி. காலையில விடுங்க, நாள் பூரா பாக்க நேரம் இருக்கும். காது மடக்கறது, துரத்தறது, வெறும் காத்துல ஒரு உதை, இதுக்கெல்லாம் நடுவுல ஓடாதீங்க, அடி உங்களுக்குத்தான் விழும். விடாம துரத்தி ஒண்ணு தின்னவே முடியாம நின்னா, இல்ல ரத்தம் வந்தா, அப்பதான் பிரிக்கணும். ராத்திரி திரும்ப வேலிக்கு ரெண்டு பக்கம், மறுநாள் மறுபடி.

இப்ப ரெண்டும் ஓவரா ஒட்டிக்கிச்சு, ஒண்ண வெளிய கூட்டிட்டுப் போனா இன்னொண்ணு ஊரையே கூட்டுது. என்ன பண்றது?

இது வரும்னு தெரிஞ்சேதான் முதல் பதில்ல 'கொஞ்ச நேரம் தனியா விட்டா'ன்னு எழுதினேன். முதல் வாரத்துலேர்ந்தே பழக்கணும், ஒண்ண கண்ணுக்குத் தெரியிற தூரத்துல ரெண்டு நிமிஷம் கூட்டிட்டுப் போய் திரும்ப, அடுத்தது அஞ்சு நிமிஷம், அடுத்தது மறைவா. பின்னாடி தனியா நிக்கிற குதிரைக்கு அந்த நேரம் மட்டும் கிடைக்கிற நல்ல தீனி ஒண்ணு. வியர்த்துக் கொட்டி வேலியத் தாண்டப் பாக்கிற அளவுன்னா அவசரப்படுத்தாதீங்க, படிய இன்னும் சின்னதாக்குங்க.

வாரத்துல பல நாள் வெளிய போறவங்களுக்கு நெஜமான தீர்வு மூணாவது குதிரைதான். கேட்டா எல்லாரும் முறைக்கிறாங்க.

பழசு ஒல்லி, புதுசு குண்டு. ஒரே இடத்துல எப்படி தீனி போடறது?

முன்னாடி சொன்ன ஒத்துப்போற ஜோடிய எடுத்திருந்தா இந்தக் கேள்வியே வராது, சரி வந்தாச்சு. குண்டு போனிக்கு மேய்ச்சல்ல மூஞ்சி மூடி, அடியில சின்ன ஓட்டை இருக்கும், புல்லு கொஞ்சமா வரும், தண்ணி குடிக்கலாம், ஆனா நாள் பூரா மாட்டி விடாதீங்க. ஒல்லிக்கு சத்துத் தீனி பிரிச்சு வச்சு கொடுங்க. போனிய பட்டினி போட்டு இளைக்க வைக்கிறது மட்டும் கூடாது, கழுதைக்கு சொன்ன அதே ரத்தக் கொழுப்பு ஆபத்து போனிக்கும் உண்டு.

நான் கொடுக்கிற பக்கம். என் குதிரைக்கு கால் போச்சு, இனி ஓட்ட முடியாது. துணைக்குன்னு போட்டா யாராவது எடுப்பாங்களா?

எடுப்பாங்க, ஆனா சீக்கிரம் எடுப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, துணைக்கு கொடுக்கிறவங்க எண்ணிக்கை எடுக்கிறவங்கள விட எப்பவும் ஜாஸ்தி. முதல்ல ஒரு கேள்விய உங்க டாக்டர் கிட்ட கேளுங்க: மருந்தில்லாம, மேய்ச்சல்ல, இது வலியில்லாம இருக்குமா? ஆமான்னா தாராளமா தேடுங்க. தினமும் வலி மருந்துல ஓடுதுன்னா அத யார் தலையில கட்டப் போறோம்னு யோசிக்கணும்.

விளம்பரத்துல குறைய முதல் வரியிலயே எழுதுங்க. மருந்து, அளவு, தனியா நிக்குமா, குளம்பு எப்படிக் கொடுக்கும், யாரோட சேராது. பாதி பேர் ஓடிடுவாங்க, ஓடட்டும், மிச்சம் நிக்கிறவங்கதான் உங்களுக்கு வேணும். வெயில்ல மின்னுற பழைய போட்டி ஃபோட்டோவ போடாதீங்க, இப்ப எப்படி இருக்கோ அப்படிப் போடுங்க.

காசு வாங்க மனசு வரல, நல்ல வீட்டுக்கு இலவசமா கொடுத்துடறேன். சரிதானே?

மனசு நல்லது, ஆனா 'இலவசம்'ங்கிற வார்த்தைக்கு வர்ற கூட்டம் வேற. துணைக்குன்னு சும்மா வாங்கிட்டுப் போய், வலி மருந்தக் கொடுத்து, ஓட்டுற குதிரைன்னு விக்கிற ஆளுங்க இருக்காங்க, வாங்கினவங்க ஒரு மாசத்துல நொண்டுறதப் பாத்து திரும்ப வித்துடுவாங்க, கடைசியா கசாப்புக்கும் போகும். வந்த உடனே 'இன்னைக்கே வண்டி கொண்டு வந்திருக்கேன்'னு அவசரப்படுத்தறது, குதிரையோட குணத்தப் பத்தி ஒண்ணும் கேக்காம உயரமும் பேப்பரும் மட்டும் கேக்கறது, அவங்க இடத்தப் பாக்க விடாம சாக்கு சொல்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் வேண்டாம்னுடுங்க. ஒரு சின்ன தொகையாவது வைங்க, அது எல்லாரையும் தடுக்காது, சோம்பேறி ஏமாத்துக்காரன தடுக்கும்.

வித்துடறதா, இல்ல பேரு நம்ம பேர்லயே வச்சுக்கிட்டு வளக்கக் கொடுக்கறதா?

துணைக் குதிரைக்கு ரெண்டாவதுதான் என் ஓட்டு. சொந்தம் உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் அவங்க விக்க முடியாது, நீங்க போய் பாக்கலாம், அங்க சரியில்லன்னா திருப்பி எடுக்கலாம். வித்துட்டா, 'எனக்கு சொல்லாம வேற யாருக்கும் கொடுக்கக்கூடாது'ன்னு எழுதி வாங்கினாலும், மூணாவது ஆள் கைக்குப் போன பிறகு அந்தக் காகிதத்த வச்சு குதிரைய மீட்கறது பெரும்பாடு.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு, திரும்பி வந்தா வச்சுக்க உங்க கிட்ட இடம் இருக்கணும். இடமே இல்ல, அதனாலதான் கொடுக்கிறேன்னா காப்பகம் வழியா போறது நல்லது.

பேப்பர்ல என்னதான் எழுதணும்?

குதிரையோட அடையாளம், சிப் எண், இப்ப இருக்கிற நோய், கொடுக்கிற மருந்து. ஏறி ஓட்டக்கூடாது, சினைப்படுத்தக்கூடாது. குளம்பு, பல்லு, ஊசி யார் செலவு. டாக்டர் செலவு பெருசா வந்தா யாரக் கேட்டு முடிவெடுக்கிறது. எத்தனை நாள் முன்னாடி சொல்லி திருப்பிக் கொடுக்கணும். வேலி தாண்டி ரோட்டுல போய் யாரையாவது இடிச்சா யார் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் யார் பேர்ல. இன்னொண்ணு, எல்லாரும் தயங்கி விடறது: ராத்திரி கோலிக்ல துடிக்குது, உங்க ஃபோன் எடுக்கல, அப்ப டாக்டர் சொன்னா ஊசி போட்டு உயிர முடிச்சு வைக்க அவங்களுக்கு அனுமதி உண்டா இல்லயா. கண்டிப்பா எழுதுங்க.

குதிரைக்கு 28 வயசு ஆகுது, நான் வீடு மாத்தறேன். இந்த வயசுல வேற இடம் அனுப்பலாமா?

தைரியமா கேட்டீங்க, நெறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி. நல்லா தின்னுது, படுத்து எழுந்திருக்குது, புது ஆளுங்க கூட சகஜமா இருக்கும்னா அனுப்பலாம், அதோட பழகின குதிரையும் கூடவே போனா இன்னும் நல்லது. 2009-ல வந்த ஒரு ஆய்வுல குதிரைங்க கூட்டாளியோட முகத்தையும் கனைப்பையும் பொருத்தி அடையாளம் வச்சிருக்கிறது நிரூபணமாச்சு, அதனால 'அதுக்கென்ன தெரியும்'னு நினைக்காதீங்க.

பல்லு இல்ல, குஷிங், மூட்டு, எடை இறங்குது, இடம் மாறினாலே தின்ன மாட்டேங்குதுன்னா, உங்க கையால தீனி தின்னு முடிச்ச ஒரு காலையில, பழகின இடத்துலயே டாக்டர் வச்சு முடிச்சு வைக்கிறது கொடுமை இல்ல. கைமாறி கைமாறி எங்கயோ ஒரு லாரியில போய் முடியறதுதான் கொடுமை. இதுக்காக உங்கள திட்டறவங்க வருவாங்க, அவங்க யாரும் அந்தக் குதிரைய எடுத்துக்க மாட்டாங்க.

ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சுன்னா, மிச்சம் இருக்கிறதுக்கு காட்டணுமா மறைக்கணுமா?

காட்டுங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல விட்டா மோந்து பாக்கும், மூக்கால தள்ளிப் பாக்கும், அப்புறம் பெரும்பாலும் அதுவே விலகி மேயப் போயிடும். காட்டாம கொண்டு போனா நாள்கணக்கா வேலியோரம் நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கிறதுண்டு. தொத்து நோயில போனதுன்னா மட்டும் டாக்டரக் கேட்டுட்டு. அந்த வாரம் தீனி எவ்வளவு இறங்குதுன்னு அளந்து வைங்க, போனியோ கழுதையோ ஒரு நாள் முழுக்க தின்னலன்னா ஃபோன் போடுங்க.

ஒண்ணு போனா இன்னொண்ணுக்கு துணை, அது போனா இதுக்கு துணை... இதுக்கு முடிவே கிடையாதா? எனக்கும் வயசாகுது

இந்தக் கேள்விக்காகவே வளக்கக் கொடுக்கிற முறை இருக்கு, இப்ப எடுக்கிற பக்கத்துலேர்ந்து. உங்க குதிரைக்கு கடைசி சில வருஷம்னு தெரிஞ்சா, துணைய சொந்தமா வாங்காம காப்பகத்துலேர்ந்தோ வேற ஆள் கிட்டேர்ந்தோ திருப்பிக் கொடுக்கிற ஒப்பந்தத்துல எடுங்க. உங்களுது போன பிறகு அது திரும்பப் போயிடும், உங்க இடம் காலி. எடுக்கிறப்பவே அப்படிச் சொல்லிடுங்க, காப்பகத்துக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்களுக்கும் அதுக்கேத்த குதிரை எதுன்னு தெரியும்.

இல்லன்னா மாத்தி யோசிங்க, துணைய இங்க கொண்டு வர்றதுக்குப் பதிலா உங்க குதிரையவே ஏற்கனவே நாலஞ்சு குதிரை மேயிற இடத்துல மாசக் கட்டணத்துக்கு விடலாம். சேர்த்து விடற விதம் மேல சொன்னதேதான், புதுசா வர்றது உங்களுதுங்கிறதால தனியா வைக்கிற அந்த 2, 3 வாரத்த அவங்க கேப்பாங்க. கேக்கலன்னா அந்த இடம் வேண்டாம்.